நடந்து வந்த ராஜா

மேல்வரிசைக் கோரைப்பல்லை மெழுகில் உட்காரவைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தம்பியின் போன் வந்தது. பல் செட்டு செய்யும் அந்தக் கூடத்தில் போன் இருப்பது வாசல் பக்கம், முதலாளியின் மேஜையில். மெழுகு இளகியிருக்கும்போது கையை எடுத்தால் பல் மயிரிழை சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்த பல்லை மாட்டிக்கொள்கிறவர் ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருப்பார். அதனால் "அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க சார்" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். முதலாளி கேட்டுவிட்டு, "குரலே சரியில்லம்மா. நீயே வந்து பேசு" என்றார்.

அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தாள். விரலில் மெழுகோடு ஓடினாள்.

"அப்பாவுக்கு என்னடா?"

"அவரு கல்லு மாதிரி இருக்காரு. அது இல்லக்கா. செஸ்ஸுல உன் பொசிஷன்."

"என் பொசிஷனுக்கு என்ன வந்துச்சு?"

"என் புரோகிராம் குதிரையை எடுத்து வைக்க மாட்டேங்குதுக்கா. எடுக்குது, அப்புறம் வேண்டாங்குது. தலையால தண்ணி குடிச்சுப் பாத்துட்டேன். நீ வந்து பாக்கணும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது கோரைப்பல் சாய்ந்துதான் இருந்தது. விளக்கில் கரண்டியைக் காட்டி மெழுகை மறுபடி இளக்கினாள். இந்த வேலையில் அவளுக்குப் பிடித்ததே இதுதான். தப்பாக வைத்ததைச் சூடுகாட்டி எடுத்துவிடலாம்.

தம்பிக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டருக்குச் செஸ் ஆடக் கற்றுக்கொடுப்பது வேலை. கல்யாணத்துக்கு முன்பே எழுத ஆரம்பித்த புரோகிராம், இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் எழுதி முடிந்தபாடில்லை. இவனைப்போல ஊர் ஊருக்கு ஆட்கள் இருக்கிறார்களாம். புரோகிராமுக்கு எவ்வளவு பலம் என்று பார்க்க நூறு ஆட்டம் ஆடவிட்டு உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை? அதற்காக அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பெரிய ஆட்டங்களில் வந்த சிக்கலான நிலைகளைச் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் இன்னதென்று முடிவு செய்திருந்தார்கள். நிலையைக் கொடுப்பது, கடிகாரத்தை ஓடவிடுவது, புரோகிராம் அந்தப் பதிலுக்கு வந்த நொடியில் நிறுத்திவிட்டு அடுத்த நிலைக்குப் போவது. எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு பலம்.

அந்த நிலைகளில் ஒன்று அவளுடையது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு பெரிய போட்டியின் கடைசிச் சுற்றில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆடும் ஒரு வக்கீலுக்கு எதிரே, வெள்ளைக் காய்களோடு அவள் உட்கார்ந்திருந்தபோது வந்தது. ஜெயித்தால் வெளிநாடு போகிற அணியில் இடம். குதிரையால் கறுப்பு ராஜாவின் வாசலில் நின்ற சிப்பாயை அடித்திருக்க வேண்டும். குதிரை போகும்; ஆனால் ராஜாவை வீட்டை விட்டு இழுத்துப்போட்டுச் சாத்திவிடலாம். அவளோ அரைமணி நேரம் பலகையை முறைத்துவிட்டு, ராணியைத் தன் பக்கமாகப் பின்னுக்கு இழுத்தாள். அதற்குள் கடிகாரத்தில் நேரம் கரைந்துபோய், அவசரத்தில் யானையைத் தூக்கிக் கொடுத்துத் தோற்றாள். அரங்கத்தை விட்டு வெளியே வருவதற்குள் பயிற்சியாளர் நடைபாதையில் பலகையைப் பரப்பி, நின்றவர் போனவருக்கெல்லாம் அந்தக் குதிரையைக் காட்டிக்கொண்டிருந்தார். செஸ் பத்திரிகையில் படத்தோடு வந்தது. 'வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்.' அங்கிருந்து யாரோ எடுத்துத் தங்கள் சேகரிப்பில் போட, அது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அவள் கோட்டைவிட்ட ஆட்டம் அவளைவிட அதிகமாக ஊர் சுற்றியது.

வீட்டில் அது கேலியாகிவிட்டது. பஸ் போய்விட்டால், பால் பொங்கிவிட்டால், அப்பா வாயெல்லாம் பல்லாக, "கோட்டை விட்டுட்டியா?" என்பார். மாப்பிள்ளையாக வந்தவரிடம் முதல் நாளே அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். அதில் பெருமையும் இருந்தது, ஆற்றாமையும் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஆனால் அடுத்த வருஷமே ஆடுவதை விட்டுவிட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. பலகையின் முன் உட்கார்ந்தால், ஒவ்வொரு காயைத் தொடும்போதும், எங்கோ ஒரு குதிரை தாவக் காத்திருக்கிறதோ, தான் மட்டும் பார்க்கவில்லையோ என்று நெஞ்சு படபடக்கும். ஒன்றுக்குப் பத்துத்தடவை பார்ப்பாள், நேரம் ஓடிவிடும், தோற்பாள். எத்தனை நாளைக்கு அப்படி உட்கார்ந்திருப்பது?

சனிக்கிழமை பாதி நாள்தான் வேலை. சாப்பிட்ட கையோடு தம்பி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த தம்பி மனைவி, "வாங்க அண்ணி. உள்ள போய் பாருங்க, வீட்டுல இருக்கிறதே ஒரு ஃபேனு, அதையும் அதுக்குத்தான் வச்சிருக்காரு. நாங்க மனுசங்கதானே, வேர்த்தா என்ன?" என்றாள். நிஜமாகவே தம்பி கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, மேஜை மின்விசிறியை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தான். சவரம் செய்யாத முகம். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில், கைவிசிறியால் விசிறிக்கொண்டு, யாரோடும் சம்பந்தமில்லாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

"எப்பவும் போலத்தான் விட்டேன்" என்றான் தம்பி. "உன் பொசிஷனைக் கொடுத்ததும் டக்குனு குதிரைன்னு சொல்லிடுச்சு. நிறுத்தப் போறேன், அந்த நேரம் பாத்து இவரு பல் செட்டை வாஷ்பேசின் குழாய்க்குள்ள விட்டுட்டாரு."

"நான் எங்க விட்டேன்? வழுக்கிடுச்சு" என்றார் அப்பா.

"கீழ இருக்கிற வளைவுக் குழாயைக் கழட்டி, கையை விட்டு, அழுக்கெல்லாம் தோண்டி எடுத்துக் கழுவிக் கொடுத்துட்டு வர்றதுக்குள்ள ரொம்ப நேரம் ஆயிடுச்சு. வந்து பாத்தா, இது மனசை மாத்திக்கிட்டு நிக்குது. குதிரையை வச்சா வெறும் டிராதான், ஒண்ணும் கிடையாதுங்குது."

அந்தப் பல் செட்டை அவள்தான் செய்துகொடுத்திருந்தாள். கீழ்வரிசை கொஞ்சம் தளர்ந்துவிட்டது, ஒருநாள் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். அதை நினைத்து இப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தப்பு தன்னுடைய புரோகிராமில்தான் என்று தம்பி முடிவு கட்டியிருந்தான். ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். ஆபீஸுக்கு லீவு போட்டுப் பார்த்தான். கடைசியில், கடையில் வாங்கிய, எல்லோரும் மெச்சுகிற ஒரு புரோகிராமுக்கும் அதே நிலையைக் கொடுத்து, குதிரை என்று அது சொன்ன பிறகும் நிறுத்தாமல் விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனான். சாயங்காலம் வந்து பார்த்தால் அதுவும் மாறியிருந்தது.

"ரெண்டும் வேற வேற ஆளு எழுதினது. ஒரே தப்பை எப்படிக்கா பண்ணும்?" என்றான். "அது சொல்ற வரிசையை வச்சுப் பாத்தேன். ராஜா தெருவுக்கு வருது. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அடுத்த வாரம் புரோகிராமைப் போட்டிக்கு அனுப்பணும். அதுல உன் பொசிஷனும் இருக்கு. நீ பாத்துச் சொல்லு."

"இதுல பாக்க என்ன இருக்கு? மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. அந்தக் குதிரை ஜெயிக்கும், ஊருக்கே தெரியும்" என்றார் அப்பா.

பலகை கட்டில்மேல் இருந்தது. அவள் உட்காரவில்லை. நின்றபடியே காய்களை அடுக்கினாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சொந்த வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோலக் கை தானாகப் போய் ஒவ்வொரு கட்டத்திலும் நின்றது. அடுக்கி முடித்துக் குதிரையைத் தொட்டபோதுதான் தெரிந்தது: இத்தனை வருஷத்தில், இந்தக் குதிரையை அவள் ஒருமுறைகூடப் பலகையில் எடுத்து வைத்துப் பார்த்ததில்லை. மற்றவர்கள் வைத்துக் காட்டியதைத்தான் பார்த்திருக்கிறாள். வைத்தாள். சிப்பாய் போனது. தம்பி திரையைப் பார்த்துக் கறுப்புக்கு ஆடினான். ராஜா குதிரையை அடித்தது. அவள் ராணியைக் கொண்டுவந்து செக் வைத்தாள். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த பாதை. இங்கே கறுப்பு ராஜா மூலைக்குத் திரும்பும், அங்கே வைத்துக் கதையை முடிக்கலாம். பயிற்சியாளர் நடைபாதையில் காட்டியது அதுதான், பத்திரிகையில் வந்தது அதுதான்.

தம்பி ராஜாவை எடுத்து முன்னால் வைத்தான்.

"என்னடா இது?"

"அதுதான் சொல்லுது."

அப்பா விசிறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். முன்னால் வருவது சாவதற்கு என்று அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே வரியில் தள்ளிவிட்ட இடம் அது. பயிற்சியாளர் அந்தக் கட்டத்தைக் கையால்கூடச் சுட்டவில்லை. முகவாயால் காட்டிவிட்டு, "இங்க வந்தா கேக்கவே வேண்டாம்" என்று போய்விட்டார். அவள் ராணியால் மறுபடி செக் வைத்தாள். ராஜா இன்னும் ஒரு கட்டம் முன்னால் வந்தது. மந்திரியால் வைத்தாள். பக்கவாட்டில் ஒதுங்கி, மறுபடி முன்னால் வந்தது. அவளுடைய காய்களின் நடுவே, துணைக்கு ஓர் ஆள் இல்லாமல், ஏதோ காய்கறி வாங்கக் கிளம்பியவர்போல அது நடந்து வந்தது. ஓடும் ராஜாவை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். இது ஓடவில்லை. ஒவ்வொரு செக்கின்போதும் இந்த அடியோடு முடிந்தது என்றுதான் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் நிற்பதற்கு ஒரே ஒரு கட்டம் இருந்தது. கடைசியில் அது, வெகுதூரம் முன்னேறி நின்ற அவளுடைய வெள்ளைச் சிப்பாய்க்கு நேர் எதிரே, மூக்கோடு மூக்கு வைத்தாற்போல வந்து நின்றது.

அவள் யானையைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டாள். யானை அதே வரிசையில்தான் இருந்தது. ஆனால் அதற்கும் ராஜாவுக்கும் நடுவே நின்றது அவளுடைய சிப்பாய். சிப்பாய் நேரே நிற்பவனை அடிக்காது, குறுக்காகத்தான் அடிக்கும். எதிரியின் வீட்டுச் சுவரிலேயே சாய்ந்து நின்றுகொண்டு, எதிரியின் யானைக்கு அந்த ராஜா மறைந்துகொண்டிருந்தது. ராணியால் இந்தப் பக்கமிருந்து செக் வைக்கலாம், ராஜா ஒரு கட்டம் நகரும். அந்தப் பக்கமிருந்து வைக்கலாம், திரும்பி வந்துவிடும். ஆயுசு முழுக்க வைத்துக்கொண்டிருக்கலாம். வைப்பதை நிறுத்தினால் கொடுத்த குதிரை கொடுத்ததுதான்.

"டிரா" என்றாள்.

"தள்ளு, நான் பாக்குறேன்" என்று அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் சாமானியமாக விடுகிறவரில்லை. பல் செட்டைக் கழற்றிக் கட்டில் ஓரத்தில் வைத்தார். யோசிக்கும்போது அவருக்கு அது இடைஞ்சல். காய்களைப் பின்னால் கொண்டுபோய் வேறு செக் வைத்துப் பார்த்தார். தம்பி திரையைப் பார்த்துப் பார்த்துப் பதில் ஆடினான். ராஜா வேறு வழியாக நடந்து அதே சிப்பாயிடம் வந்து சேர்ந்தது. மறுபடி. இன்னொரு மறுபடி. தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மூன்று பேரும் ஒரு மரக்கட்டையை இப்படி வாயைப் பிளந்து பார்ப்பதைப் பார்த்து, தானும் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்திருந்தது. சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது, அதைவிடப் பெரிதாக, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அன்று அந்த அரங்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்! பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். இந்த நடை அப்போதே அந்தப் பலகையில் இருந்திருக்கிறது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. பத்திரிகையில் அச்சான படத்திலும் இருந்தது, எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்குள் போய்வந்தபோதும் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்களில் எது எதற்கோ இது தெரியவும் தெரிந்திருக்கும். கேட்டவர்கள்தான், தங்களுக்குத் தெரிந்த பதில் வந்ததுமே, போதும் என்று அதன் வாயை மூடிவிட்டார்கள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க விட்டவர் உலகத்தில் இல்லை. விட்டது ஒரு தளர்ந்த பல் செட்டு.

பயமில்லாத ஒன்றால்தான் இப்படி ஒரு ராஜாவை நடக்கவிட முடியும் என்று நினைத்தாள். மனிதனுக்கு முன்னால் வருவதென்றால் சாவு. மூலையென்றால் வீடு. இதற்கு வீடும் தெரியவில்லை, சாவும் தெரியவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே மாதிரி பார்த்துக்கொண்டே போய், இது ஒன்றுதான் இருக்கிறது என்று அங்கே கால் வைத்துவிட்டது. தம்பி, எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொள்கிற இந்தத் தம்பி, எழுதியதா இது? அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்போல. தன் பிள்ளை திடீரென்று தெரியாத பாஷையில் பேசியதைக் கேட்டவன் முகம்.

"சரி, குதிரை வேண்டாம்னா பின்ன என்னத்தை ஆடச் சொல்லுது உன் மிஷினு?" என்றார் அப்பா, பல்லில்லாத வாயால்.

தம்பி அவளைப் பார்த்தான். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினான். வரிசைக்கு முதலில் நின்ற ஆட்டத்தைப் படித்தாள். நம்பாமல் மறுபடி படித்தாள். ராணியைப் பின்னால். அவள் அன்று இழுத்து வைத்த அதே கட்டம்.

"வெள்ளைக்குக் கொஞ்சம் நல்லாருக்காம்" என்றான் தம்பி மெதுவாக. "ஜெயிக்கிற அளவுக்கு இல்ல. ஆனா இருக்கிறதுலயே இதுதான் நல்லதாம். ரெண்டும் அதையேதான் சொல்லுது."

"இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமேடா."

"மொதல்ல நீ அந்த ராஜாவைப் பாக்கணும்னு நெனச்சேன். இல்லன்னா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனச்சிருப்ப."

அது உண்மைதான். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். பயிற்சியாளர்மேல், பத்திரிகைமேல், பஸ் போன ஒவ்வொரு முறையும் சிரித்த அப்பாமேல், கூடச் சேர்ந்து சிரித்த தன்மேல். வரும், நாளைக்கு வரும், மெழுகை உருக்கிக்கொண்டிருக்கும்போது நிதானமாக வரும். இப்போது வரவில்லை. தைரியம் இல்லாமல் இழுத்தேன் என்றுதான் இத்தனை நாளும் தன்னைப் பற்றி நம்பியிருந்தாள். கல்யாணம் செய்ததும், வேலையைத் தேர்ந்தெடுத்ததும், எதையும் ஒன்றுக்குப் பத்துமுறை யோசிப்பதும், எல்லாம் ராணியை இழுத்த ஒருத்தி செய்தவை என்று கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்கை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"போட்டிக்கு என்னடா பண்ணப்போற?" என்று கேட்டாள், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"அவங்க வச்சிருக்கிற பதில் குதிரைதான். இந்தத் தடவை முழு நேரமும் ஓடவிட்டு, கடைசியா சொல்றதைத்தான் எடுத்துக்குவாங்களாம். குதிரை வந்ததும் நிறுத்துற மாதிரி ஒரு வரி எழுதினா சரின்னு போடுவாங்க." தம்பி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எழுத மாட்டேன்க்கா. தப்புன்னு போட்டா போட்டுட்டுப் போகட்டும்."

அப்பா இந்தப் பேச்சு எதையும் காதில் வாங்கவில்லை. வெட்டுப்பட்ட காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பழைய நிலையை மறுபடி அடுக்கினார். குதிரையை அதன் பழைய இடத்தில் வைத்து, நேராக நிற்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார். ராணியை வைத்தார். பிறகு பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு ராணியை எதுக்கு இழுத்த?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. குதிரையை ஏன் விட்டாய் என்று கேட்காதவர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், பெயர் தெரியாத ஆட்டக்காரர், புருஷன், எல்லோரும் கேட்டாயிற்று. ராணியை ஏன் இழுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியலப்பா" என்றாள். யோசித்தாள். "அந்தச் சிப்பாயையே பாத்துக்கிட்டிருந்தேன். என் சிப்பாய்தான். ஆனா அது எனக்கு ஒத்தாசையா நிக்கிற மாதிரியே தோணல."

அப்பா தலையை ஆட்டினார். கட்டில் ஓரத்திலிருந்த பல் செட்டை எடுத்துத் துண்டில் துடைத்து வாயில் மாட்டிக்கொண்டார். மேலும் கீழும் ஒருமுறை கடித்துச் சரிபார்த்தார். கறுப்புக் காய்கள் தன் பக்கம் வரும்படி பலகையைத் திருப்பிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

அவள் உட்கார்ந்தாள். கட்டில் கிறீச்சிட்டது. காயைத் தொடுமுன் வழக்கமான படபடப்பு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். ராணியின் தலையை இரண்டு விரலால் பிடித்து, அவசரமில்லாமல், பின்னுக்கு இழுத்து வைத்தாள்.

"உங்க ஆட்டம்பா."

அப்பா முழங்கையை முட்டியில் ஊன்றிக் குனிந்தார். தம்பி சத்தமில்லாமல் எழுந்து போய், கம்ப்யூட்டரைப் பார்த்திருந்த மின்விசிறியைத் தூக்கி இந்தப் பக்கம் திருப்பி வைத்தான். பின்னால் திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அதை அவன் நிறுத்தவில்லை. காற்று பலகைமேல் வந்தது. அப்பாவின் நரைத்த முடி ஆடியது, டீ டம்ளரின் ஆவி சாய்ந்தது. வெள்ளை ராணி, அவள் இழுத்து வைத்த கட்டத்தில், ஆடாமல் நின்றது.